மொத்த மதிப்பெண்ணுக்குள் ஒளிந்திருந்த இரண்டு விஷயங்கள்: ஐவிஎஃப் சிகிச்சையில் ஒரு தம்பதி

குழந்தையின்மை சிகிச்சையில் இருப்பவர்களின் மன உளைச்சலை அளக்க வேண்டும் என்று சொன்னால் பல இடங்களில் நடப்பது இதுதான்: கைக்குக் கிடைத்த ஒரு மனச்சோர்வுக் கேள்வித்தாளை நீட்டுவார்கள், கூட்டித் தொகை போடுவார்கள், தொகை எல்லையைத் தாண்டினால் கவுன்சிலிங்குக்கு அனுப்புவார்கள், தாண்டாவிட்டால் ஃபைலில் செருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இந்த நிகழ்வும் அப்படித்தான் ஆரம்பித்தது. மனைவி எல்லையைத் தாண்டியிருந்தார், அதனால் என்னிடம் அனுப்பப்பட்டார். கணவர் தாண்டவில்லை, அதனால் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் வரும் இருவரும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் பலரின் அனுபவங்களைக் கலந்து உருவாக்கியவர்கள். மதிப்பெண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவைதான், ஆனால் கேள்வித்தாள்களின் கணக்கு முறை உண்மையானது, நீங்களே கூட்டிப் பார்க்கலாம்.

பின்னணி

மனைவிக்கு 33 வயது, கணவருக்கு 36. நான்கு வருடமாகக் குழந்தைக்கு முயற்சி. பாதுகாப்பில்லாத உறவில் 12 மாதம் கருத்தரிக்காவிட்டால் குழந்தையின்மை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அந்த எல்லையை எப்போதோ கடந்தவர்கள். பரிசோதனையில் கணவரின் விந்தணு எண்ணிக்கையும் அசைவும் குறைவு என்று தெரிந்தது, மனைவிக்குப் பெரிதாகக் குறை எதுவும் இல்லை. ஒரு விந்தணுவை நேராகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் ஒரு தடவை முயன்று, உடனே வைத்த கரு தங்கவில்லை. இன்னும் இரண்டு கருக்கள் உறைய வைக்கப்பட்டிருக்கின்றன. அதில் ஒன்றை வைக்கத் தேதி குறித்தபோது மனைவி கடைசி நேரத்தில் ஒரு தடவை ஆபீஸ் வேலை என்றார், இன்னொரு தடவை உடம்பு சரியில்லை என்றார். நர்ஸுக்குச் சந்தேகம் வந்து பழைய ஃபைலைப் புரட்டினால் பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளில் மதிப்பெண் 11 என்று இருக்கிறது. 10 தொட்டாலே மிதமான மனச்சோர்வு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். பரிந்துரைச் சீட்டில் ஒரே வரி: "டிப்ரெஷன், கவுன்சிலிங் தேவை."

அந்த 11 எங்கிருந்து வந்தது

பிஎச்க்யூ-9-இல் 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். நான் முதலில் பார்த்தது 9-ஆம் கேள்வியை, அதாவது செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றுகிறதா என்பதை. அதில் 0. இந்தக் கேள்வியில் 1 இருந்தால்கூட, மொத்தம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அன்றைக்கே அவரிடம் பேசியாக வேண்டும், ஃபைலில் வைத்துவிட்டு அடுத்த வாரம் பார்க்கலாம் என்பது கூடாது.

மற்றவற்றைப் பிரித்துப் பார்த்தால் தூக்கம் 3, அசதி 3, பசி 2. இதுவே 8 ஆகிவிட்டது. கவனக்குறைவு 1, மனம் கசங்கியிருப்பது 1, தான் தோற்றுவிட்டதாக நினைப்பது 1. மற்றவை பூஜ்யம். எப்போது நிரப்பினார் என்று தேதியைப் பார்த்தேன், கருமுட்டை வளர்ப்பதற்கான ஊசிகள் போட்டுக்கொண்டிருந்த கடைசி நாட்களில். சினைப்பை பெருத்து வயிறு உப்பி, தினமும் ஊசி, அடிக்கடி காலையில் ஸ்கேன் என்று ஓடிக்கொண்டிருக்கும் யாரிடம் தூக்கம், அசதி, பசி பற்றிக் கேட்டாலும் இப்படித்தான் பதில் வரும். அந்த 11-இல் பெரும்பகுதி உடம்பு எழுதியது.

இது புதிய பிரச்சினையும் கிடையாது. 1983-இல் சிக்மண்டும் ஸ்னெய்த்தும் மருத்துவமனை நோயாளிகளுக்கென்றே எச்ஏடிஎஸ் என்ற 14 கேள்வி அளவுகோலை உருவாக்கியபோது, உடம்பு நோயால் வரும் அறிகுறிகளும் மனநோயின் அறிகுறிகளும் கலந்துவிடக் கூடாது என்றுதான் தூக்கம், பசி மாதிரியான கேள்விகளைத் தவிர்த்தார்கள். ஹார்மோன் ஊசியில் இருப்பவருக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும்.

மருந்து எதுவும் இல்லாத ஒரு சமயத்தில் அதே தாளை மறுபடி கொடுத்தேன். மொத்தம் 6. தூக்கம் 1, அசதி 1, கவனக்குறைவு 1, மனம் கசங்கியிருப்பது 1, தோற்றுவிட்டதாக நினைப்பது 2. தொகை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருக்கிறது, அந்த ஒரே ஒரு பதில் மட்டும் ஏறியிருக்கிறது. மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் 'முன்னேற்றம்' என்று எழுதியிருப்பார்.

கணவருடையது 3. அதைப் பார்த்து யாருக்கும் கவலை வந்திருக்காது.

வேறு அளவுகோலுக்குப் போனது

மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்பது ஒன்று, குழந்தையின்மை இவர்களுடைய வாழ்க்கையில் எந்த இடத்தில் அழுத்துகிறது என்று கேட்பது இன்னொன்று. இரண்டாவதற்கென்றே உருவான கேள்வித்தாள்கள் இருக்கின்றன. 1999-இல் நியூட்டன், ஷெரார்டு, கிளாவாக் மூவரும் வெளியிட்ட எஃப்பிஐ-யில் 46 கேள்விகள், ஐந்து பகுதிகள்: சமூகம், தாம்பத்திய உறவு (உடலுறவு), கணவன் மனைவிக்கு இடையிலான பிணைப்பு, குழந்தையில்லாத வாழ்க்கையை ஏற்க முடியாமை, பெற்றோராக வேண்டும் என்ற தேவை. டென்மார்க்கில் பிறந்த காம்பி அளவுகோல் 14 கேள்வியோடு சின்னதாக முடிந்துவிடும். நெதர்லாந்தின் ஸ்கிரீன்ஐவிஎஃப், சிகிச்சைக்கு முன்பே யாருக்குப் பின்னால் சிரமம் வரலாம் என்று சல்லடை போடுவதற்கானது. 36 கேள்வி கொண்ட ஃபெர்ட்டிக்யூஓஎல், ஐரோப்பிய, அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து உருவாக்கியது, பல மொழிகளில் கிடைக்கிறது.

நான் ஃபெர்ட்டிக்யூஓஎல்-ஐ எடுத்தேன். பெரிய தத்துவக் காரணம் ஒன்றுமில்லை, இருவரும் ஒரே தாளை நிரப்பலாம், நான்கு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உணர்வு, மனம்–உடல், தம்பதி உறவு, சமூகம் என்று பகுதிக்கு 6 கேள்வி, மொத்தம் 24; சிகிச்சை பற்றித் தனியாக 10, பொதுவாக 2. ஒவ்வொரு பதிலும் 0 முதல் 4, கூட்டி 25-ஆல் பெருக்கிக் கேள்விகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 0 முதல் 100-க்குள் ஒரு மதிப்பெண் வரும். ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும், இதில் மதிப்பெண் ஏறினால் நல்லது, தனித்தனிக் கேள்வியிலும் 0 என்றால்தான் மிக மோசம். மற்ற பல தாள்களில் ஏறினால் மோசம். ஒரே ஃபைலில் இரண்டு வகையையும் வைத்துவிட்டு எது எந்தப் பக்கம் என்று எழுதாமல் விட்டால் அடுத்து பார்ப்பவர் தலைகீழாகத்தான் படிப்பார்.

இதற்கெல்லாம் பதிலாக மன அழுத்த ஹார்மோனான கார்டிசோலை ரத்தத்தில் பார்த்துவிட்டால் போதாதா என்று ஒரு இளம் டாக்டர் கேட்டார். கார்டிசோல் காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு. தவிர, உறைந்த கரு வைக்கும் முன் கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, கார்டிசோலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டிவிடும், மொத்தக் கார்டிசோலும் அதோடு ஏறிக் காட்டும். மாத்திரையை அளந்துவிட்டு மனசை அளந்ததாகச் சொல்ல வேண்டியதுதான்.

தாள் கொடுக்கும்போது இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்தேன். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பினால் ஒருவர் தாளை இன்னொருவர் எட்டிப் பார்ப்பார், அல்லது எட்டிப் பார்ப்பார் என்று நினைத்தே எழுதுவார். அப்புறம், இந்த மதிப்பெண்ணால் சிகிச்சை கிடைப்பதோ கிடைக்காமல் போவதோ முடிவாகாது என்று வாய்விட்டுச் சொன்னேன். அதைச் சொல்லாவிட்டால் பாதிப் பேர் நல்ல பிள்ளையாகப் பதில் எழுதுவார்கள், மனசு சரியில்லை என்று தெரிந்தால் டாக்டர் நிறுத்திவிடுவாரோ என்ற பயம் அவர்களுக்கு உண்டு.

முதல் அளவு

மனைவி: உணர்வு 33.33, மனம்–உடல் 54.17, தம்பதி உறவு 79.17, சமூகம் 29.17. நான்கும் சேர்ந்து 48.96.

கணவர்: உணர்வு 66.67, மனம்–உடல் 83.33, தம்பதி உறவு 45.83, சமூகம் 75. சேர்ந்து 67.71.

மொத்தத்தைப் பார்த்தால் பழைய கதைதான், மனைவி கஷ்டத்தில், கணவர் பரவாயில்லை. உள்ளே பார்த்தால் தம்பதி உறவு என்ற ஒரே பகுதியில் கதை திரும்பிவிட்டது. அதே வீடு, அதே உறவு, மனைவி 79 போடுகிறார், கணவர் 46 போடுகிறார். அடுத்து ஒவ்வொரு பதிலையும் பார்த்தேன். பிணைப்பு, பாசம், திருப்தி மூன்றுக்கும் கணவர் 3 போட்டிருக்கிறார். மனைவியிடம் மனம்விட்டுப் பேசுவது கஷ்டமா என்பதற்கு 1, பிரச்சினை உறவைப் பாதித்ததா என்பதற்கு 1, தாம்பத்திய உறவில் திருப்தியா என்பதற்கு 0. மனைவியின் சமூகப் பகுதியில் இரண்டு பூஜ்யங்கள், குழந்தை பெற்றுக்கொள்ளச் சொல்லும் அழுத்தம் ஒன்று, நாலு பேர் கூடும் இடத்துக்குப் போவது இன்னொன்று. குடும்பம் புரிந்துகொள்கிறதா என்பதற்கு 1, குழந்தை உள்ளவர்களைவிடத் தாழ்ந்தவளாக நினைப்பது பற்றியதிலும் 1. நண்பர்கள் ஆதரவுக்கு 3.

கணவருக்கு மட்டும் எஃப்பிஐ-யின் தாம்பத்திய உறவுப் பகுதியையும் கொடுத்தேன். 8 கேள்வி, 8 முதல் 48 வரை, இதில் ஏறினால் மோசம். அவருடையது 37. பிஎச்க்யூ-9-இல் 3 வாங்கிய அதே மனிதர்தான்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசியது

எண்ணை அவர்களுக்கு வாசித்துக் காட்டி 'உங்களுக்கு இது குறைவு' என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பதிலைக் காட்டி, இதைப் போடும்போது எதை நினைத்துக்கொண்டு போட்டீர்கள் என்று கேட்பேன். மனைவியிடம் அந்த இரண்டு பூஜ்யங்களைக் காட்டிக் கேட்டபோது கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தேதி குறிச்ச ரெண்டு தடவையும் அத்தை வீட்ல வந்து தங்கியிருந்தாங்க மேடம். மாத்திரை, ஊசி எல்லாம் எங்க ஒளிச்சு வைக்கிறது?" கணவரின் அம்மாவுக்குச் சிகிச்சை நடப்பதே தெரியாது. ஏதாவது விசேஷம் உண்டா என்று யார் கேட்டாலும், எனக்குத்தான் கொஞ்சம் ஹார்மோன் பிரச்சினை என்று மனைவி சொல்லி வந்திருக்கிறார். குறை யாருடையது என்று யாரும் கேட்கும் முன்பே தன் பெயரில் எழுதிக்கொண்டுவிட்டார். சிகிச்சைக்குப் பயந்து தேதியைத் தள்ளவில்லை, கரு வைத்தபின் காத்திருக்கும் நாட்களை மாமியார் முன்னால் சிரித்த முகத்தோடு ஓட்ட முடியாது என்றுதான் தள்ளியிருக்கிறார். டிப்ரெஷன் என்று எழுதிய அந்தச் சீட்டில் இதற்கு இடமே இல்லை.

கணவர் பேச ஆரம்பிக்க நேரமாயிற்று. "ஊசியும் அவ போட்டுக்கறா, பழியும் அவளே வாங்கிக்கறா. நான் ஸ்கேன் ரூம் வெளியில உக்காந்து போன் பாத்துட்டு இருக்கேன்." தேதி பார்த்து உறவு வைத்துக்கொண்ட ஆரம்ப வருடங்களில் தொடங்கிய தயக்கம், இக்ஸி முடிவானபின் தேதிக்கு வேலையே இல்லாதபோதும் போகவில்லை. கருமுட்டை எடுத்த அன்று விந்து மாதிரி கொடுக்க வேண்டிய அறையில் பட்ட பாட்டை யாரிடமும் சொன்னதில்லை. மனைவி இதையெல்லாம் அவருடைய வேலைக் களைப்பு என்று நினைத்திருக்கிறார், அதனால்தான் தாளில் நிம்மதியாக 79 போட முடிந்தது.

ஆக இரண்டு தாள்களில் இரண்டு இடத்தில் தெரிந்தது ஒரே முடிச்சு. மனைவி பழியைச் சுமந்ததால் வெளி மனிதர்களைச் சந்திக்க முடியவில்லை, அவர் சுமப்பதைப் பார்த்துக் கணவர் மனைவியிடமிருந்தே விலகிக்கொண்டிருந்தார். குழந்தையின்மை உளைச்சலைத் தம்பதிகள் ஏறக்குறைய ஒரே அளவில் உணரும்போது மணவாழ்க்கை மேலாக இருக்கிறது என்று பீட்டர்சன், நியூட்டன், ரோசன் 2003-இல் எழுதினார்கள். எவ்வளவு உளைச்சல் என்பதோடு இருவருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதையும் பார்க்கச் சொல்கிறேன், அதற்கு இருவரையும் அளந்தாக வேண்டும். ஆண் தரப்புக் காரணம் இவ்வளவு சகஜமாக இருந்தும் ஆண்களிடம் இந்தத் தாளை நீட்டாத சிகிச்சை மையங்களை என்ன சொல்வது.

செய்தது

பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. அம்மாவிடம் சொல்வது கணவரின் வேலை என்று முடிவாயிற்று, எவ்வளவு சொல்வது என்பதையும் அவரே தேர்ந்தெடுத்தார்: சிகிச்சை நடக்கிறது, காரணம் என் பக்கம், ரிசல்ட் வந்தால் நாங்களே சொல்வோம், அதுவரை கேட்க வேண்டாம். மற்றவர்களுக்கு இருவரும் சொல்லும் ஒரே வாக்கியம் ஒன்றைத் தயார் செய்தார்கள். தாம்பத்திய உறவைப் பொறுத்தவரை நாள்காட்டியோடு அதற்கு இனி சம்பந்தமில்லை என்பதை டாக்டரே வெளிப்படையாகச் சொல்ல வைத்தேன். நான் சொல்வதைவிட அவர் சொன்னது நன்றாக வேலை செய்தது, பொறாமைதான்.

காத்திருந்த நாட்கள்

கரு வைத்ததிலிருந்து பீட்டா எச்சிஜி என்ற கர்ப்பப் பரிசோதனை வரை உள்ள நாட்களில் முழுக் கேள்வித்தாளைக் கொடுக்கவில்லை. அப்போது கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அசதியைத் தரும், மார்பு வலியைத் தரும், அதே அறிகுறிகள் ஆரம்பக் கர்ப்பத்திலும் வரும், அதனால் அந்த நேரத்தில் உடம்பு பற்றிய எந்தக் கேள்வியும் வெறும் கேள்வியாக இருக்காது, தங்கிவிட்டதா என்று துருவிப் பார்க்கும் வேலையாக மாறிவிடும். இன்றைக்குப் பதற்றம் 0 முதல் 10-க்குள் எவ்வளவு என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன். பரிசோதனை நாள் நெருங்க நெருங்க ஏறியது. ஏறத்தான் செய்யும், இந்தச் சிகிச்சையிலேயே கடினமான பகுதி எது என்று கேட்டால் ஊசியைச் சொல்பவர்களைவிட இந்தக் காத்திருப்பைச் சொல்பவர்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

ரிசல்ட் நெகட்டிவ்.

இரண்டாவது அளவு

ரிசல்ட் வந்த கையோடு தாளை நீட்டக் கூடாது, அன்றைக்கு அளப்பது அன்றைய அடியை மட்டும்தான். மருந்துகள் நின்று, மாதவிடாய் வந்து போய், சில வாரம் கழித்துக் கொடுத்தேன்.

மனைவி: உணர்வு 29.17, மனம்–உடல் 50, தம்பதி உறவு 75, சமூகம் 54.17. மொத்தம் 52.08.

கணவர்: உணர்வு 54.17, மனம்–உடல் 79.17, தம்பதி உறவு 62.5, சமூகம் 70.83. மொத்தம் 66.67.

48.96 இப்போது 52.08. இதை வைத்து அறிக்கை எழுதினால் 'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்று வரும். ஒரு பகுதியில் ஒரு கேள்விக்கு ஒரு படி மாற்றிப் போட்டாலே அந்தப் பகுதி 4.17 நகரும், ஆகவே மனைவியின் உணர்வு, மனம்–உடல், தம்பதி உறவு மூன்றிலும் நடந்தது ஆளுக்கொரு படி இறக்கம், அதை நான் சரிவு என்று எழுத மாட்டேன். அதுவும் ஒரு கருவை இழந்தபின். சமூகம் மட்டும் ஆறு படி ஏறியிருக்கிறது. குடும்பம் புரிந்துகொள்கிறதா என்பது 1-இலிருந்து 3, அழுத்தம் 0-இலிருந்து 2, தனிமைப்பட்டது 2-இலிருந்து 3, கூட்டத்துக்குப் போவது 0-இலிருந்து 1. குழந்தை உள்ளவர்களைவிடத் தாழ்ந்தவள் என்ற நினைப்பு மட்டும் அதே 1-இல் நிற்கிறது. வெளியே இருந்த பாரம் இறங்கியது, இது இறங்கவில்லை, அடுத்து பேச வேண்டியது இதைத்தான்.

கணவரின் உணர்வுப் பகுதி மூன்று படி இறங்கியிருக்கிறது, மொத்தமும் ஒரு புள்ளி குறைந்திருக்கிறது. இதை மோசமானதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. மனைவியிடம் பேசுவது பற்றிய பதில் 1-இலிருந்து 3-க்கு வந்திருக்கிறது, பேச ஆரம்பித்தவர் தாளிலும் உள்ளதைப் போட ஆரம்பித்திருக்கிறார். முதல் தடவை போட்ட 66.67 எவ்வளவு உண்மை என்பதே எனக்கு இப்போது சந்தேகம். தாம்பத்திய உறவுத் திருப்தி 0-இலிருந்து 1, அவ்வளவுதான்.

"நான் டென்ஷன் ஆனதாலதானா?"

ரிசல்ட்டுக்குப் பின் மனைவி கேட்ட முதல் கேள்வி இது. மன உளைச்சலை அளக்கிறோம் என்று நாமே தாளை நீட்டும்போது இந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் நீட்டுகிறோம், உளைச்சல் முக்கியமில்லை என்றால் எதற்கு அளக்கிறார்கள் என்று யாருக்கும் தோன்றும். சுற்றி இருப்பவர்கள் வேறு, ரிலாக்ஸாக இரு, தானாகக் குழந்தை உண்டாகும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பதில் கைவசம் இருக்கிறது. போய்வின், கிரிஃபித்ஸ், வெனெட்டிஸ் 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட தொகுப்பாய்வு, 14 ஆய்வுகள், 3583 பெண்கள்: சிகிச்சைக்கு முன் இருந்த மன உளைச்சலுக்கும் அந்தச் சுற்றில் கர்ப்பம் உண்டானதற்கும் தொடர்பு தெரியவில்லை. அதை அவரிடம் எண்ணோடு சொன்னேன். கணவரும் பக்கத்தில் இருந்தார், அவருக்கும் அது தேவைப்பட்டது.

அப்படியானால் ஏன் அளப்பது? உளைச்சல் என்பதே கவனிக்க வேண்டிய ஒன்று, அதற்கு வேறு காரணம் தேவையில்லை என்பேன். சிகிச்சையைப் பாதியில் விடுகிறவர்களில் பலர் சொல்லும் காரணம் மனசு தாங்கவில்லை என்பதுதான். இவர்களும் இரண்டு தடவை தேதியைத் தள்ளினார்கள், மூன்றாவது தடவை வராமலே போயிருக்கலாம்.

இப்போதைய நிலை

இன்னும் ஒரு கரு உறைநிலையில் இருக்கிறது. சில மாதம் இடைவெளி எடுக்கிறார்கள், அது அவர்களே எடுத்த முடிவு. அதற்குள் மனைவியோடு அந்த 'தாழ்ந்தவள்' என்ற பதிலை எடுத்துப் பேசுகிறோம். கணவரைத் தனியாகப் பார்க்க ஆண்கள் பிரச்சினை பார்க்கும் டாக்டரிடம் அனுப்பியாயிற்று, பின்னால் மறுபடி கருமுட்டை எடுக்க நேர்ந்தால் அன்றைக்கு விந்து மாதிரி கொடுக்கும் கஷ்டம் வராமல் இருக்க முன்கூட்டியே விந்தணுவை உறைய வைக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. அடுத்த சுற்றின் மாத்திரை ஆரம்பிக்கும் முன் இருவரும் மறுபடி தாளை நிரப்புவார்கள், தனித்தனி அறையில். ஃபைலின் மேல் ஒட்டியிருந்த 'டிப்ரெஷன்' சீட்டை நீக்கி, நான்கு பகுதி மதிப்பெண்ணும் நிரப்பிய தேதியும் அன்று எந்த மருந்தில் இருந்தார் என்பதும் சேர்ந்த தாளை வைத்திருக்கிறேன்.